இரண்டாவது கடிகாரம்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு சுவர்க்கடிகாரங்கள் உண்டு. ஒன்றில் நம்மூர் நேரம். இன்னொன்று, 2004 செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க நான் லீட்ஸுக்குக் கிளம்பிய வாரம் அப்பா வாங்கி மாட்டியது. அதில் இங்கிலாந்து நேரம். ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக ஓய்வுபெற்றவருக்குக் கடிகாரப் பித்து இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அப்பா போனில் பேசமாட்டார். எடுத்தால், "ம், நல்லா இருக்கியா தம்பி? இரு, அம்மாகிட்ட கொடுக்கறேன்" என்பார். அவ்வளவுதான். கடல் கடந்து வந்த பிள்ளைகள் பலருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடமாக இருக்கும்.

லீட்ஸில் முதல் அக்டோபர். "இன்னிக்கு ராத்திரி இங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, கூடுதலா தூங்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "எத்தனை மணிக்கு வைப்பாங்கன்னு கேளு." ரெண்டு மணியை ஒண்ணாக்குவாங்க, மார்ச் கடைசி ஞாயிறு ஒண்ணை ரெண்டாக்குவாங்க என்றேன். அம்மா திருப்பிச் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் மகள் இங்கே பிறந்தவள். தாத்தாவோடு பேசி முடிக்கும்போதெல்லாம் "லவ் யூ தாத்தா" என்பாள். "சரிடா கண்ணு, சாப்பிட்டியா?" என்பார் அவர். ஒருநாள் கேட்டாள், "தாத்தா ஏன் திருப்பிச் சொல்றதே இல்ல?" எல்லோரும் வைத்திருக்கும் பதிலைச் சொன்னேன்: "நம்ம ஊர்ல வாயால சொல்லமாட்டாங்கம்மா, செஞ்சு காட்டுவாங்க."

"தாத்தா என்ன செஞ்சாங்க?"

"என்னைப் படிக்க வச்சாங்க. ஃபீஸ் கட்டினாங்க."

"எல்லா அப்பாவும் கட்டுவாங்களே."

எட்டு வயதுப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. உண்மையில் அந்தப் பதிலை நானே நம்பவில்லை. பேசாத ஆண்களுக்காக நாம் எழுதிக்கொடுக்கும் நற்சான்றிதழ் அது என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன்.

2019 ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தபோது அது வெடித்தது. கிளம்புவதற்கு முந்தின இரவு, சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், ஏதோ ஒரு பேச்சில் நான் கேட்டுவிட்டேன்: "பதினஞ்சு வருஷம் ஆச்சுப்பா. நீங்களா ஒரு தடவை எனக்கு போன் பண்ணியிருக்கீங்களா? நான் அங்க இருக்கேங்கற நினைப்பாவது உங்களுக்கு உண்டா?" அம்மா மோர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலை என் பெட்டியைக் காணவில்லை. சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் எடைபோட்டு வரப் போயிருந்தார். ஒவ்வொரு தடவையும் செய்வதுதான். 23 கிலோவுக்குமேல் போனால் விமான நிலையத்தில் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கவலை. திரும்பி வந்து "இருபத்திரண்டு அறுநூறு இருக்கு" என்றார். நாரத்தங்காய் ஊறுகாய் பாட்டிலுக்கு இன்னொரு பாலிதீன் உறை போட்டுக் கட்டினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன். கார் வந்துவிட்டது.

நான்கு வாரம் கழித்து, தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியங்கள் முடித்துத் திரும்பினேன். டிசம்பரில் அம்மாவுக்குத் துணையாக இருக்க மறுபடி போனேன். பள்ளி விடுமுறையை அனுசரித்து எப்போதும் ஆகஸ்டில் போகிறவன் நான். என் கல்யாணம்கூட ஆவணியில்தான். குளிர்காலத்தில் ஊருக்குப் போனது அதுவே முதல் தடவை.

வந்த மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து மனைவிக்கு போன் செய்யலாமா என்று நிமிர்ந்து பார்த்தேன். இந்தக் கடிகாரம் பத்து. அந்தக் கடிகாரம் ஐந்தரை. போனில் பார்த்தால் அங்கே நாலரை. பேட்டரி போய்விட்டது போலிருக்கிறது என்று கழற்றப் போனேன்.

"அது கெட்டுப்போகலடா," என்றாள் அம்மா. "அப்பாதானே மாத்துவார். மார்ச்சுல ஒருதரம், அக்டோபர்ல ஒருதரம். இந்தத் தடவை மாத்த ஆளில்ல."

அம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். வருடம் பிறந்ததும் தினசரிக் காலண்டரில் அந்த இரண்டு ஞாயிறுகளையும் பேனாவால் வட்டமிடுவாராம். அன்றைக்குக் காபி குடித்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஆறரை மணிக்காகக் காத்திருப்பாராம். "முன்னாடியே மாத்தி மாட்டினா என்னங்கன்னு கேட்டேன். இன்னும் அவனுக்கு மாறலேன்னார்." இரவு பத்தரைக்கு அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் விடற நேரம்" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போவாராம். ஊரில் யாராவது என் நம்பர் கேட்டால், "இப்பப் பண்ணாதீங்க, தூங்குவான்" என்பாராம்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. என் பிழைப்பே இதுதான். நிதி நிறுவனங்களின் கணினிகளில் இரவில் தானாக ஓடும் பேட்ச் ஜாப்களைப் பார்த்துக்கொள்கிறேன். அக்டோபர் மாற்றத்தன்று ஒன்றரை மணி இரண்டு தடவை வரும்; கவனிக்காவிட்டால் ஒரே பணம் இரண்டு தடவை போய்விடும். மார்ச்சில் ஒன்றரை மணியே வராது. ஓடவேண்டியது ஓடாமல் நிற்கும். ஆகவே அந்த இரண்டு இரவுகளிலும் நான் விழித்திருப்பேன். கிரீனிச் கணக்கில் இரண்டு மாற்றமும் நிகழ்வது இரவு ஒரு மணிக்கு. இந்தியாவில் அப்போது காலை ஆறரை. நான் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதே நிமிடம் அவர் ஸ்டூலில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தக் கடிகாரம் சரியாக இருப்பதைப் பார்த்தும், நடுவில் வரும் மாதங்களில் அது என்ன மணி காட்டும், அதை யார் நகர்த்துவார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மகளை போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. கணக்குப் போட்டிருக்கிறாள். "முப்பது தடவைப்பா," என்றாள். பிறகு, "ஏன் யாருமே உனக்குச் சொல்லல?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. செய்து காட்டுவது உயர்ந்தது, சொல்வது மேலைநாட்டுப் பழக்கம் என்று பேச இப்போதும் எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு தடவை அவர் சொல்லியிருந்தால், ஆகஸ்டில் அந்த இரவு நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். அதே சமயம் நிமிர்ந்து பார்க்க எனக்குப் பதினைந்து வருடம் இருந்தது. இரண்டும் உண்மை. மகளிடம் நான் இரண்டையும் செய்கிறேன். சொல்லவும் செய்கிறேன், சைக்கிளுக்குக் காற்றும் அடிக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் கடிகாரத்தைச் சரிசெய்தேன். பழைய ஆணியைப் பிடுங்கிவிட்டு, அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் புது ஆணி அடித்து மாட்டினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

2020 மார்ச் 29, ஞாயிறு. ஊரில் ஊரடங்கு தொடங்கி ஐந்தாம் நாள். அம்மா தனியாக இருந்தாள். விமானம் எதுவும் இல்லை. நான் வீட்டிலிருந்தே இரவு வேலையில் இருந்தேன். ஒரு மணி இரண்டாக மாறியது. ஜாப்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. அப்போது போன் லேசாக அதிர்ந்தது. வாட்ஸப்பில் அம்மா ஒரு படம் அனுப்பியிருந்தாள். கொஞ்சம் சாய்வாக எடுத்த படம். கடிகாரத்தில் மணி இரண்டு, நான்கு நிமிடம். கூட ஒரு எழுத்துகூட இல்லை.

"பார்த்தேம்மா," என்று பதில் எழுதினேன்.