பவுடர் டப்பாவும் இ.எஸ்.ஐ. எண்ணும்

எங்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளம் சனிக்கிழமைதான். மளிகைக்கடைப் பாக்கியில் கொஞ்சம் அடைத்து, சீட்டுக்கு எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துவிட்டால் புதன்கிழமை வாக்கில் கை வறண்டுவிடும். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் வீட்டில் சும்மா. இப்படி வாரத்துக்கு வாரம் ஓடும் குடும்பங்களைப் பார்த்து, ஆறு மாதச் செலவுக்கான பணத்தை அவசரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள் என்று யோசனை சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது நல்ல யோசனை. அடுத்த வாரம் எவ்வளவு வரும் என்றே தெரியாதவர்கள் எதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்?

அதற்காக இவர்கள் சேமிக்காமல் இல்லை. எங்கள் லைன் வீடுகளில் சீட்டுக் கட்டாத வீடு கிடையாது. ஆனால் தீபாவளிச் சீட்டு ஐப்பசியில்தான் கைக்கு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் ஆனியிலேயே வந்துவிடுகிறது. தபால் ஆபீஸ் ஆர்.டி.யை மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. ஒரு வருடம் கட்டியிருந்தால் கட்டியதில் பாதி கடனாகக் கிடைக்கும், அதற்கும் ஆபீஸ் திறந்திருக்க வேண்டும். நகைதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் தரும் நகைக்கடனின் வரம்பை நகை மதிப்பில் 75 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்த்தியது. கொரோனாக் காலக் கஷ்டத்தில் அது கைகொடுத்தது என்பது உண்மை. ஆனால் அதே தோட்டுக்குக் கூடுதல் கடன் என்றால் கூடுதல் வட்டி. அடகில் மூழ்கிப்போன நகைகளின் கதை ஒன்றாவது எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட ஆட்டோவுக்குக் கொடுக்க உதவுவது, வீட்டில் பெண்கள் ஒளித்து வைத்திருக்கும் சிறுவாட்டுக் காசு ஒன்றுதான். பக்கத்து வீட்டு அக்கா ஓவர்லாக் டைலர். அவர் சிறுவாட்டை வைப்பது தீர்ந்துபோன பவுடர் டப்பாவில். மூடியைத் திருகி எடுத்துவிட்டு, நோட்டுகளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே இறக்குவார். புருஷனோ பிள்ளைகளோ எடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அந்த டப்பாவின் பாதுகாப்பு. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், மறுநாள் காலையில் அவர் அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நோட்டெல்லாம் பவுடர் வாசம். வங்கியில் முதலில் ஆளுக்கு 4,000 ரூபாய்தான் மாற்றிக் கொடுத்தார்கள். மிச்சத்தைக் கணக்கில் போட்டுவிடுங்கள் என்றேன்.

"பேங்குல போட்டா அவருக்குத் தெரிஞ்சு போயிருங் கண்ணு. அப்பறம் அது இருக்குமா?"

அன்றைக்கு நாடு முழுக்க இப்படி எத்தனை டப்பாக்கள் வெளிச்சத்துக்கு வந்தன! கறுப்புப் பணம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குத் தெரியாமல் வீட்டுக்காகவே சேர்த்த பணத்துக்கு அந்தப் பெண்கள் புருஷன்மாரிடம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அக்கா மறுபடியும் முதலிலிருந்து சேர்த்தார். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. கம்பெனி பூட்டியது. ரேஷன் அட்டைக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. பாலுக்கும் காய்க்கும் சிலிண்டருக்கும் மீதி வந்தது டப்பாவிலிருந்துதான். இரண்டாவது மாதம் டப்பாவும் காலி.

அந்தக் காசு எங்கிருந்து சேர்ந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். சேர் ஆட்டோவுக்குப் போக வேண்டிய காசை மிச்சம் பிடித்து நடந்தே வருவார். கம்பெனியில் டீ நேரத்தில் மற்றவர்கள் வடை வாங்கும்போது டீயோடு நிறுத்திக்கொள்வார். பல் வலியை மாசக் கணக்கில் கிராம்பு வைத்தே ஓட்டினார். இதைச் சிக்கனம் என்று புகழ எனக்கு மனசு வரவில்லை. ஒரு குடும்பத்தின் ஆபத்துக்கால நிதி முழுவதும் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்தும் உடம்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது என்றால், அது நியாயமே இல்லை. 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் அவர் பெயரிலேயே வருகிறது. தொகை சிறியதுதான். ஆனாலும் தன்னுடையதைக் குறைத்துக்கொள்ளாமல் எடுத்து வைக்க அவருக்குக் கிடைத்த முதல் காசு அது.

இன்னொரு சேமிப்பும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளியை இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிந்தால், அவரிடம் 0.75 சதவீதமும் கம்பெனியிடமிருந்து 3.25 சதவீதமும் பிடிக்கிறார்கள். வைத்தியம் குடும்பத்துக்கே உண்டு. உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாவிட்டால், வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அக்கா மாறி மாறி வேலை பார்த்ததெல்லாம் பதிவே செய்யாத ஜாப் ஒர்க் யூனிட்டுகள். பதிந்திருந்தால், கடைசியில் பல்லைப் பிடுங்க அவர் வட்டிக்குப் பணம் வாங்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

போன மாதம் அவர் மகன் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் சேர்ந்தான். சம்பளம் எவ்வளவு, எத்தனை ஷிப்ட் என்று அவன் சொல்லிக்கொண்டே போக, அக்கா குறுக்கே புகுந்து கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டுஞ் சாமி, இ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களா?"