வெனிஸில் தொலைந்த நாற்பது நிமிடங்கள்

ஊருக்குள் நுழையவே கட்டணம் கேட்கும் ஊர், இத்தாலியின் வெனிஸ். நெரிசலைக் குறைப்பதற்காக, 2024 ஏப்ரல் 25 முதல் இந்த ஏற்பாடு. கூட்டம் அலைமோதும் சில குறிப்பிட்ட நாள்களில், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் 2024-ல் தலைக்கு 5 யூரோ கட்ட வேண்டியிருந்தது. இரவு தங்குகிறவர்களுக்கு இது கிடையாது.

திருச்சியைச் சேர்ந்த அந்தத் தம்பதி அதே ஆண்டு மே மாதம் அங்கே போனார்கள். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முப்பது வருடம் பள்ளிக்கூட டீச்சர். மகன் ஜெர்மனியின் முனிக் நகரில் வேலை பார்க்கிறான். பேரனைப் பார்க்கப் போன இடத்தில், “ரெண்டு பேரும் தனியா ஒரு ஊருக்குப் போயிட்டு வாங்கப்பா” என்று ரயில் டிக்கெட்டையும் ஓர் இரவுக்கு அறையையும் போட்டுக் கொடுத்துவிட்டான். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் இருவர் மட்டும் போன முதல் பயணம் அது.

கணவர் வழக்கம்போல யூடியூப் பார்த்துப் பதினொரு இடங்களைப் பட்டியல் போட்டுவிட்டார். மனைவிக்கு முழங்கால் வலி. வெனிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளால் ஆனது. அவற்றை இணைக்கும் பாலங்கள் நானூறுக்கும் மேல். பெரும்பாலானவற்றில் படி ஏறி இறங்க வேண்டும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கால்வாய்தான். கார் இல்லை, ஆட்டோ இல்லை, சைக்கிள் ஓட்டவும் அனுமதி இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பாலம் ஏறும்போதே மனைவிக்கு நிலவரம் புரிந்துவிட்டது.

அவருக்கு ஒரு பழக்கம். எங்கே போனாலும் பத்தடி முன்னால்தான் நடப்பார். கல்யாண வீடானாலும் காந்தி மார்க்கெட்டானாலும் அப்படித்தான். மனைவி பின்னால் வந்துகொண்டிருப்பார் என்பது அவர் நம்பிக்கை. வருவார் என்பதும் உண்மைதான். திருச்சியில் அதனால் எந்தச் சிக்கலும் வந்ததில்லை.

ரியால்டோ பாலத்தில் வந்தது. 1591-ல் கட்டி முடித்த கல் பாலம். 1854 வரை அங்குள்ள பெருங்கால்வாயைக் கடக்க இருந்த ஒரே பாலம் இதுதான். மதிய நேரத்தில் ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசி வரிசை மாதிரி இருந்தது. செல்ஃபி எடுக்க நிற்பவர்கள் ஒருபக்கம், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் போகும் கூட்டம் மறுபக்கம். அவர் போனில் மேப்பைப் பார்த்தபடியே பாலத்தைத் தாண்டி, இரண்டு சந்து திரும்பி, “அடுத்தது சான் மார்க்கோதான்” என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு ஜப்பானியக் குடும்பம் நின்றிருந்தது.

மனைவியின் போனில் அந்த ஊர் சிம் இல்லை. தங்குமிட முகவரி அவர் போனில்தான் இருந்தது. பாஸ்போர்ட் இரண்டும் அவர் பையில். எல்லாமே தன்னிடம் இருப்பதைப் பொறுப்பு என்று நினைத்திருந்தவருக்கு, அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று அப்போதுதான் உறைத்தது. பாலத்தில் ஏறினார், இறங்கினார். சந்துகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. மஞ்சள் சுடிதார் போட்டவர்களையெல்லாம் எட்டிப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஓடிவிட்டது.

மனைவி எங்கும் ஓடவில்லை. ‘தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஆயிற்றே. பாலத்தை விட்டு இறங்கியதும் இருந்த சிறு சதுக்கத்தில், ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றிருந்தார். அந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் எண் மின்னிக்கொண்டிருந்தது. ஐம்பதாயிரத்தைத் தொடாத எண். ஏதோ தள்ளுபடி விலை என்று முதலில் நினைத்தாராம். கடைக்கு வந்த ஒரு பெண்தான் விளக்கினார். இந்த ஊரில் இன்னும் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை அது.

1951-ல் அந்தத் தீவுகளில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இப்போது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகை அறைகளாகிவிட்டன. அரிசி, பருப்பு விற்ற மாதிரியான கடைகள் முகமூடியும் காந்த பொம்மையும் விற்கின்றன. வாடகை கட்டுப்படியாகாமல் பிள்ளைகள் கரைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த கணவரிடம் அவர் கோபப்படவில்லை. எண்ணைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டு, “எங்க ஊர்த் தெருவுல இப்படி ஒரு போர்டு வச்சா என்னங்க காட்டும்?” என்று மட்டும் கேட்டார். லால்குடி பக்கத்தில் அவர் பிறந்த தெருவில் இப்போது பாதி வீடு பூட்டு. கணவரால் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இனிமே நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்” என்றார்.

மனைவி முன்னால் போனதும் பயணத்தின் வேகமே மாறிவிட்டது. கூட்டம் போகும் பக்கம் அவர் போகவில்லை. சாயங்காலம் கன்னரேஜியோ பகுதியில், யூதர்களை 1516-ல் அடைத்து வைத்த பழைய ‘கெட்டோ’ சதுக்கத்துக்குப் போனார்கள். உலகம் முழுக்கப் புழங்கும் அந்தச் சொல் பிறந்த இடமே அதுதான். பக்கவாட்டில் பரவ இடமில்லாததால் வீடுகளை மேலே மேலே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் கல் கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர் என்பதால், சதுக்கத்தில் விழும் மழைநீரை மணலில் வடிகட்டி நிலத்தடித் தொட்டியில் சேர்த்துக் குடித்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் வந்தது 1884-ல்தான். “நம்ம மழைநீர் சேகரிப்புதாங்க இது” என்றார் டீச்சர். பகல் கூட்டம் ரயிலேறிவிட்டிருந்தது. பந்து விளையாடிய நாலைந்து பிள்ளைகளின் சத்தம் மட்டும்தான். அவர்கள் அந்தப் பலகையில் எண்ணப்பட்டவர்கள்.

கொண்டோலா படகில் போக அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. எட்டாயிரம் ரூபாய் என்று கணக்குப் போட்டதும் இருவரும் சிரித்துவிட்டார்கள். மறுநாள் காலை, உள்ளூர்க்காரர்கள் பெருங்கால்வாயைக் கடக்கும் ‘த்ரகெத்தோ’ துடுப்புப் படகில் தலைக்கு 2 யூரோ கொடுத்து மீன் சந்தைக்குப் போனார்கள். சில நிமிடப் பயணம்தான். படகு ஆடியபோது மனைவி பிடித்துக்கொண்டது கணவரின் கையை.

போகிறவர்களுக்கு அவர்கள் சொல்வது இவ்வளவுதான். ஓர் இரவாவது ஊருக்குள் தங்குங்கள். காலை எட்டு மணிக்கு முன்பும், மாலை ஏழுக்குப் பின்பும் நடங்கள். சந்துகளில் வலப்பக்கமாகப் போங்கள், பாலத்தின் நடுவில் நிற்காதீர்கள். அங்கே வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். முகவரியை ஒரு தாளில் எழுதி, இருவரும் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இருந்த பதினொன்றில் பார்த்தது நான்குதான். மீதியை அடுத்த தடவை பார்த்துவிடலாம் என்கிறார் கணவர்.

“அதுக்கு முன்னாடி மலைக்கோட்டைப் பக்கம் ஒருநாள் சேர்ந்து நடப்போம். படி ஏற முடியாட்டி சின்னக் கடை வீதி வரைக்குமாவது” என்கிறார் மனைவி.