திருமங்கலத்து உறையும் நம் வாக்கும்

இடைத்தேர்தல் முடிவைக் கொண்டு கட்சிகளின் செல்வாக்கை அளப்பது எங்கும் உள்ள வழக்கம். பிரிட்டனில் ஏறக்குறைய வாரந்தோறும் வியாழக்கிழமையன்று ஏதேனும் ஓர் உள்ளாட்சி வார்டில் இடைத்தேர்தல் நடக்கிறது. சில நூறு வாக்குகள் இடம் மாறினாலும் கட்சிகள் அமர்ந்து கணக்குப் பார்க்கின்றன. மதுரைச் சீமையில் வாழும் நமக்கும் இக்கணக்கு புதிதன்று.

1973 மே மாதத்துத் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலை நம் மூத்தவர்கள் அறிவார்கள். எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. அக்கட்சியின் மாயத்தேவர் வென்றார். காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாமிடம் பெற, ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடத்திற்குச் சென்றது. 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். திண்டுக்கல் சொன்ன செய்தி மெய்யாயிற்று.

திருமங்கலம் சொன்னதோ வேறு. ம.தி.மு.க. உறுப்பினர் வீர. இளவரசன் மறைந்ததால் 2009 ஜனவரி 9 அன்று அங்கு இடைத்தேர்தல் நடந்தது. ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் வாக்களித்தனர். தி.மு.க.வின் லதா அதியமான், அ.தி.மு.க.வின் முத்துராமலிங்கத்தை 39,266 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அவ்வாண்டு மே மாதம் மதுரை மக்களவைத் தொகுதியும் தி.மு.க.வுக்கே கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2011 சட்டமன்றத் தேர்தலில் மதுரை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அ.தி.மு.க. அணி கைப்பற்றியது. திருமங்கலத்தில் வென்றவர் அதே முத்துராமலிங்கம்!

இடையில் மக்கள் மனம் மாறியிருக்கலாம். எனினும் 2011இல் விக்கிலீக்ஸ் வழியே வெளியான அமெரிக்கத் தூதரகக் குறிப்பு ஒன்று, திருமங்கலத்தில் காலை நாளிதழுக்குள் வைத்து உறைகள் வழங்கப்பட்டதாகவும், வாக்காளர் ஒருவருக்கு 5,000 ரூபாய் என்றும் கூறியது. ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற சொல் தமிழக அரசியலில் நிலைத்தும்விட்டது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடாவின் பொருட்டுத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. விலை கொடுத்துப் பெற்ற வாக்கு, கொடுத்தவருக்கே உண்மையைச் சொல்வதில்லை.

இதைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு நியாயங்கள் கேட்கின்றன. “நம் வரிப்பணம்தானே திரும்பி வருகிறது” என்பது ஒன்று. பொதுப்பணம் எனில் அது ஊரார் அனைவருக்கும் உரியது. உறையில் இட்டு நம் கையில் மட்டும் தர எவருக்கும் உரிமையில்லை. “எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு நம் விருப்பப்படி போடுவோம்” என்பது மற்றொன்று. இதில் லஞ்சத்தோடு வாக்கு மாறுதலும் சேர்ந்துகொள்கிறது. லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒருசேர நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ளது. நாட்டின் சட்டமும் இருவரையும் குற்றவாளிகளாகவே காண்கிறது.

ஆயினும், கணவரை இழந்து தையல் எந்திரத்தை நம்பி வாழும் ஒரு சகோதரியிடம் இதை எடுத்துச் சொல்வது எளிதன்று. 5,000 ரூபாய் அவருடைய ஒரு மாத அடுப்புச் செலவு. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் எதிலேனும் இடைத்தேர்தல் வந்தால், சில நூறு வாக்குகளே முடிவைத் தீர்மானிக்கும். உறையும் அத்தகைய வாசல்களையே முதலில் தேடி வரும். நம் ஜமாஅத்துகள் தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பயானில் லஞ்சத்தைக் கண்டிக்கின்றன, நல்லதுதான். அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே பைத்துல்மால் பட்டியலை எடுத்து, மஹல்லாவில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்க்கலாம்.