விலாவில் ஓர் எழுத்து

சர்க்கரை நோய்க்காரர்கள் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் எஃகு வளையத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மயங்கி விழுந்தால் நமக்காகப் பேசும் வளையம். 1956இல் கலிபோர்னியாவின் டர்லாக் ஊரில் ஒரு மருத்துவர் குடும்பம் இதைப் பரப்பத் தொடங்கியது. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு ரணஜன்னி எதிர்மருந்தைச் சோதனைக்காக ஒரு சொட்டு இட்டதே உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. இவளுக்கு இது ஆகாது என்று வெள்ளியில் பொறித்துக் கையில் மாட்டிவிட்டார்கள். நியாயமான கதை. என் புத்தி அதில் நிற்காமல், அதற்கு நாலு வருடம் முந்தைய இண்டியானா மாநிலத்துக்கு ஓடிவிட்டது.

1952இல் அங்கே லேக் கவுண்டியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்த வகையைப் பச்சை குத்தினார்கள். அணுகுண்டு விழும், ஏகப்பட்ட ரத்தம் தேவைப்படும், வங்கி இருப்பு காணாது. ஆகவே தெருவில் நடமாடுகிறவர்களே ரத்த வங்கி. அதுவரை சரி. எங்கே குத்துவது என்று யோசித்தார்களே, அந்த நிதானம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கையில் குத்தினால் கை பிய்ந்துபோகலாம். காலும் அப்படியே. எனவே இடது விலாவில், அக்குளுக்குக் கீழே. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிள்ளையின் சட்டையைத் தூக்கி, இவனில் எந்தப் பாகம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். படிவமெல்லாம் ஒழுங்காக இருந்தால் மனிதர்கள் எதையும் செய்வார்கள் போலிருக்கிறது.

சிகாகோவில் இந்த யோசனைக்குப் பரிந்து பேசியவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ஐவி. நியூரம்பெர்க்கில் நாஜி மருத்துவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்ன அதே ஐவி! நாஜிகளின் எஸ்.எஸ். படையினரும் ரத்த வகையை இடது மேற்கையின் உட்புறம் குத்திக்கொண்டவர்கள்தாம். போர் முடிந்ததும் நேச நாட்டுப் படையினர் கைதிகளைக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்கள். எழுத்து இருந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதைச் சுட்டு அழித்துக்கொண்டவர்களும் உண்டு.

அமெரிக்காவில் அந்தத் திட்டம் சில வருடங்களில் ஓய்ந்தது. காரணம் டாக்டர்களே. தோலில் இருக்கும் எழுத்தை நம்பி ரத்தம் ஏற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. குத்தியவர் தப்பாகக் குத்தியிருந்தால்? எப்படியும் ஒரு துளி எடுத்துப் பொருத்திப் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள். பிறகு எதற்கு அந்த ஊசி?

அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது எண்பது வயதுக்கு அந்தண்டை இந்தண்டை இருக்கும். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றும்போதெல்லாம், இது என்ன என்று கேட்கும் சின்ன வயது நர்ஸுக்கு அவர்கள்தான் உட்கார்ந்து விளக்க வேண்டும்.