படம் விட்டு வருகிற வழி

சிங்கவரத்துக்காரர்கள் படம் பார்க்கச் செஞ்சிக்குப் போகவேண்டும். நாலைந்து கிலோமீட்டர். இரண்டாவது ஆட்டம் விட்டபிறகு பஸ் கிடையாது, நடைதான். எழுபதுகளில் நான் கேட்ட சினிமா விமர்சனம் பெரும்பாலும் அந்த நடையில் பேசப்பட்டது. அச்சில் வந்த விமர்சனங்களோடு பரிச்சயம் ஏற்பட்டது பிறகுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது முன்னதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. அதைச் சொல்லவே இது.

ரசிகர் பேச்சு என்றால் நம் வட்டத்தில் ஓர் இளக்காரம் உண்டு. காரணம் இல்லாமலும் இல்லை. எம்.ஜி.ஆர். பக்கம், சிவாஜி பக்கம் என்று நின்றுகொண்டு பேசுகிறவர்களுக்குப் படம் ஒரு சாக்கு. கொட்டகைக்குள் நுழையுமுன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நிற்க வேண்டியதில்லை.

அதிகம் கவனிக்கப்படாதது இன்னொன்று. "படம் எப்பிடிடா?" என்று மாமா கேட்பார். "ஓடும் மாமா" என்பான் பையன். கேட்டவர் கேட்டது அவனுக்குப் பிடித்ததா என்பதை. அவன் சொன்னது மற்றவர்களுக்குப் பிடிக்குமா என்பதை. விநியோகஸ்தருக்கும் கொட்டகை முதலாளிக்கும் உரிய கவலையை, டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவன் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறான். எனக்குப் பிடித்தது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஓடும் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். நூறாவது நாள் போஸ்டர் பதில் சொல்லிவிடும். தன் ரசனைக்குத் தானே பொறுப்பேற்காமல் தப்பிக்கிற வழி இது. தமிழ் சினிமாவைப் பற்றிய பேச்சில் மிகப் பெரிய இழப்பு இந்த ஒரு வார்த்தையால் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மட்டமான படங்கள் செய்த கெடுதலைவிட இது பெரிது.

ஆனால் இதே மனிதர்களுக்கு வேறு விதமாகப் பேசவும் தெரிந்திருந்தது. செஞ்சிச் சீமை கூத்துச் சீமை. பக்கத்து மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலை இந்த வழிபாட்டுக்கே தாய்க்கோயிலாகச் சொல்வார்கள். பாரதம் படித்து, கூத்து நடந்து, படுகளத்தில் துரியோதனன் விழுவதை வருஷா வருஷம் பார்த்தவர்கள் இவர்கள். கதை எல்லோருக்கும் தெரியும். முடிவை மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆகவே விடிந்தபிறகு பேச்சு வேஷம் கட்டியவனைப் பற்றித்தான்: குரல் எட்டியதா, அடவு விழுந்ததா, சபையில் துகில் உரிகிறபோது துச்சாதனன் கை நடுங்கியதா. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்ற தெளிவு அந்தப் பேச்சில் இருந்தது. சினிமாவில் கதை புதிது என்பதால் கவனம் முழுக்கக் கதையோடு போய்விடுகிறது. ஒப்பிட ஏதும் இல்லாத இடத்தில் 'ஓடும்' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரே ஒரு படத்துக்கு இது பொருந்தவில்லை. 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு'. டி.ஆர். ரகுநாத் இயக்கி எம்.ஜி.ஆர். நடித்த படம். பழைய பிரதி ஒன்று எழுபதுகளிலும் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தக் கதை சிங்கவரத்துக்கு வீட்டுக் கதை. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்துப் போய் இருபத்திரண்டு வயதில் மாண்டவன் தேசிங்கு. போருக்குப் புறப்படுமுன் சிங்கவரத்துக் குன்றில் பள்ளிகொண்ட ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டான், சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதை மீறிப் போனான் என்பது ஊர் வழக்கு. குடைவரைக்குள் 24 அடி நீளம் என்று சொல்லப்படும் அந்த மூர்த்தியின் முகத்தைக் காட்டி இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

படம் பார்த்துவிட்டு வருகிறபோது ஒரு பையன் ஆரம்பித்தான்: "வாத்தியாரைச் சாக வுட்டிருக்கக் கூடாது." வேறு ஊராக இருந்தால் எல்லோரும் ஆமாம் போட்டிருப்பார்கள். எம்.ஜி.ஆர். சாகிற படம் என்பது அந்த நாளில் ஒரு பிரச்னை. 1956இல் 'மதுரை வீர'னில் செத்தார், படம் பிரமாதமாக ஓடியது. 1962இல் 'பாச'த்தில் செத்தார், ஓடவில்லை. இங்கே கூட நடந்த பெரியவர் ஒருவர், எனக்கு மாமா முறை, உடனே மறித்தார்.

"சாமியே மூஞ்சியத் திருப்பிக்கிச்சி. அப்பறம் யார்றா காப்பாத்தறது?"

சற்று தூரம் போனபிறகு அவரே தொடர்ந்தார். "குத்தம் அது இல்ல. சாமி வேணான்னு சொன்னதுக்கப்பறமும் போறவன் மூஞ்சில ஒரு நொடியாவது பயம் வந்துட்டுப் போவணும். அப்பறந்தான் அவன் வீரன். இவரு மூஞ்சில அது வராது. வர வுடவும் மாட்டாரு."

எம்.ஜி.ஆரின் பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது, அது எதையெல்லாம் விலக்கி வைத்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் வெளிவந்தது 1992இல். நடிகன் தன் பிம்பத்துக்குக் கட்டுப்படுகிறபோது பாத்திரம் என்ன ஆகிறது என்ற கேள்வியை மாமா நாலு வாக்கியத்தில் வைத்துவிட்டார். படிப்பறிவு அதிகம் இல்லாதவர். கையில் அளவுகோல் இருந்தது. அது ஊர் கொடுத்தது. எம்.ஜி.ஆர். மேல் அவருக்கு மரியாதை உண்டு, ஓட்டும் போட்டார். அது இதில் குறுக்கே வரவில்லை.

நம் வட்டத்தின் கதை வேறு. சிறுபத்திரிகைகளில் பெர்க்மன், ப்ரெஸ்ஸான் என்று எழுதினோம். படித்தவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்க முடியும்? வெங்கட் சாமிநாதன் எழுதி ஜான் ஆப்ரஹாம் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) தேசிய விருது வாங்கியது. அதைக் கொட்டகையில் பார்த்தவர்களைவிட அதைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம். படம் கிடைக்காதது யாருடைய தவறும் அல்ல. ஆனால் பார்க்காத படத்துக்கான வார்த்தைகள் தயாராக இருந்தன, பார்த்த படத்துக்கு அவை பொருந்துகிறதா என்று சோதிக்கவே இல்லை. 'உதிரிப்பூக்கள்' (1979) பார்த்துவிட்டு வந்த நண்பர்களிடம் எப்படி என்று கேட்டால், இது உலகத் தரமா என்று விவாதித்தார்கள். 'ஓடும்' என்பதற்கும் 'உலகத் தரம்' என்பதற்கும் அதிக தூரம் இல்லை. இரண்டிலும் வேறு யாரோ பார்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இப்போது வசூல் கணக்கு முதல் நாள் மாலையே செல்போனில் வந்துவிடுகிறது. கோடிகளைப் பையன்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் நடக்க யாருக்கும் அவசியம் இல்லை. அதற்காக வருத்தப்பட்டுப் பயனில்லை, நடந்தவர்கள் எல்லோரும் மாமா மாதிரிப் பேசியதும் இல்லை. ஆனாலும் கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. நாம் பார்க்கிற படத்தை எதோடு வைத்துப் பார்க்கிறோம்? நமக்கென்று முன்னமே உள்ள ஏதோ ஒன்று, ஒரு கூத்து, ஒரு சாவு, திரும்பிக்கொண்ட ஒரு முகம், அது இருந்தால் போகிறபோக்கில் சொல்கிற நாலு வார்த்தையும் விமர்சனம்தான். அது இல்லாதபோது நாற்பது பக்கம் எழுதினாலும் போஸ்டர்தான்.