சிவப்பு வந்திட்டுதோ?

நாங்கள் நாலு பேர், கலைப்பீடம், மூன்றாம் வருஷம். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகள் இரண்டில் போடிங். வீட்டுக்கார அங்கிளும் அன்ரியும் மகளின்ட பிள்ளைப்பேற்றுக்கு எண்டு மூன்று மாதம் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது வீட்டுத் திறப்பையும், முற்றத்துப் பூக்கண்டுகளையும், ஹோலில் ஐந்தடித் தொட்டிக்குள் தனியாகத் திரிகிற அரோவானாவையும் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பூக்கண்டுகளுக்கு “பின்னேரத்தில தண்ணி விடுங்கோ பிள்ளையள்” என்ற ஒரு வசனம்தான். மீனுக்குக் கொப்பித்தாளில் இரண்டு பக்கம்.

அந்த இரண்டு பக்கத்தில் முக்கால்வாசி லைற்றைப் பற்றியது. காலமை ஆறு மணிக்குப் போட வேண்டும், இரவு எட்டுக்கு நிப்பாட்ட வேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது. தொட்டிக்கு மேலே கொழுவுகிற வழமையான லைற் இல்லை இது. தண்ணிக்குள்ளேயே, முன்கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிற நீளமான ரியூப். ரோஸ் கலந்த சிவப்பு வெளிச்சம் மீனின் விலாவில் நேராக விழும். பின்கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள். மீன் இன்னும் ஒன்றரை அடிதான், இப்பவே வெளிச்சம் காட்டினால்தான் வளர வளரச் சிவப்பு ஏறும் என்று சொல்லித்தான் கடையில் விற்றார்களாம். அங்கிள் ஓய்வுபெற்ற மனுசன். பென்சன் காசைச் சேர்த்து வைத்து வாங்கினவர்.

இந்த வெளிச்ச வைத்தியத்துக்கு மீன் வளர்க்கிற ஆக்கள் வைத்திருக்கிற பெயர் ‘டேனிங்’. வெள்ளைக்காரர் கடற்கரையில் படுத்துக் கிடந்து தோலைக் கறுக்க வைக்கிறார்களே, அதே சொல். எங்களுக்கு இது சரியான பகிடியாக இருந்தது. ஏனென்றால் நாங்கள் கம்பஸுக்கு வெளிக்கிடுகிற ஒவ்வொரு காலமையும் அன்ரி வாசல் வரை வந்து, “குடையைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ, கறுத்துப் போவீங்கள்” என்று சொல்லாமல் விட்டதில்லை. எங்களுக்குக் குடை, மீனுக்குப் பதினாலு மணித்தியால வெயில்.

முதல் கிழமை பொழுதுபோக்காகத்தான் தேடி வாசிக்கத் தொடங்கினோம். சிவப்பு அரோவானா என்பது ஆசிய அரோவானாவில் ஒரு வகை. அதன்ட சொந்த இடம் இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தான், கபுவாஸ் ஆற்றுப் பக்கம். இலையும் மரமும் ஊறித் தேயிலைச்சாயம் மாதிரிக் கறுத்த தண்ணி, சுண்ணாம்பே இல்லாத மென்மையான தண்ணி. (எங்கட கிணற்றுத் தண்ணியைக் கேத்திலில் ஒரு கிழமை கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அங்கிள் இதை யோசித்தாரோ தெரியாது.) காட்டில் பிடித்த ஆசிய அரோவானாவை நாட்டுக்கு நாடு விற்க முடியாது. 1975 முதலே அது சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. பதிவுசெய்த பண்ணைகளில் பிறந்த மீனைத்தான் விற்கலாம். ஒவ்வொரு மீனின் உடம்புக்குள்ளும் ஒரு மைக்ரோசிப், கையில் ஒரு சான்றிதழ். இந்த வரியை வாசித்தபோதே எங்களுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நாங்கள் தேடினது நிறத்தை. மீனின் தோலில் கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்று நிறக்கலங்கள் இருக்கின்றன, வெளிச்சத்தைத் திருப்பியடித்து மினுக்கம் காட்டுகிற கலங்களும் இருக்கின்றன. பின்புலம் கறுப்பாக இருந்தால் கறுப்புக் கலத்துக்குள் இருக்கிற நிறப்பொருள் பரவி உடம்பு இருளும், வெள்ளையாக இருந்தால் ஒடுங்கி வெளிறும். அதனால்தான் சிவப்பு மீனுக்குக் கறுப்புத் தாளும், பொன்னிற மீனுக்கு வெள்ளைத் தொட்டியும் வைக்கிறார்கள். சிவப்பு, மஞ்சளுக்குத் தேவையான கரோட்டினொயிட்டை மீனால் தானாக உண்டாக்க ஏலாது, சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். இறாலை அவிக்கச் சிவக்குதே, அந்தச் சிவப்பு. இதெல்லாம் சரியாக அமைந்தாலும் நல்ல சிவப்பு வர வருஷக்கணக்கில் எடுக்கும். தாய் தகப்பனின் பரம்பரையில் சிவப்பு இருக்கவும் வேணும். வெளிச்சம் உள்ளே இருக்கிறதைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான்.

அங்கிள் ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் எடுப்பார். எங்களுக்கு இரவு பத்து மணி, அவருக்கு மத்தியானம் ஆகப்போகிற நேரம். பேரப்பிள்ளையைக் காட்டிவிட்டு உடனே, “சிவப்பு வந்திட்டுதோ பிள்ளையள்?” என்று கேட்பார். எட்டுக்கு நிப்பாட்டின லைற்றை நாங்கள் திரும்பப் போட்டு, போனைக் கண்ணாடியோடு பிடிப்போம். தொட்டி முழுக்கச் செக்கச்செவேல் என்று இருக்கும். “ஓம் அங்கிள், போன கிழமையை விடக் கூட.” அவர் சிரிக்கிறது எங்களுக்கும் சந்தோஷம். பொய் சொல்லுறோம் என்ற எண்ணமே இல்லை. உண்மையிலேயே எங்கட கண்ணுக்கும் கூடத்தான் தெரிந்தது.

ஒரு நாள் நாங்கள் அசைன்மென்ட் எழுதிக் களைத்துப்போய் ஹோல் லைற்றையும் நிப்பாட்டிவிட்டுப் படுத்திருந்தோம். அங்கிளின் கோல் வந்தது. எங்களில் ஒருத்தி இருட்டுக்குள் ஓடிப்போய் நேரே தொட்டி லைற்றின் சுவிட்சைத் தட்டினாள். அடுத்த செக்கன் ‘டமார்’ என்று ஒரு சத்தம். மீன் எழும்பி மூடியில் அடித்திருந்தது. அரோவானா நல்லாப் பாயும். தண்ணிக்கு மேலே கொப்பில் இருக்கிற பூச்சியையே பாய்ந்து பிடிக்கிற சாதி. அதுக்குத்தான் அங்கிள் மூடியில் இரண்டு கல் ஏற்றி வைத்திருந்தார். கல் இருந்தபடியால் மீன் நிலத்தில் விழவில்லை. ஆனால் விலாவில் ஒரு செதில் கழன்று, மூக்கடியில் தோல் உரிந்து, ஒரு மூலையில் போய்ச் சாய்ந்து நின்றது. போனில் அங்கிள், “என்ன சத்தம்? என்ன சத்தம்?” என்கிறார். “கதவு அடிச்சது அங்கிள்” என்றோம். அந்தப் பொய் பொய் என்று தெரிந்தே சொன்னது.

மீனுக்கு இமை இல்லை என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமா? எல்லாருக்கும் தெரியும். ஆனால் பதினாலு மணித்தியாலம் கண்ணுக்குப் பக்கத்தில் எரிகிற ரியூப், பிறகு இரவு பத்துக்கு இன்னொருதரம் என்று எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தது அந்த இரவுதான்.

அடுத்த நாள் லைற் போடவில்லை. கறுப்புத் தாளைக் கழற்றினோம். பின்னேரம் நாலு மணிக்கு மேற்கு யன்னலைத் திறக்க வெயில் சாய்வாகத் தொட்டிக்குள் வந்தது. மீன் வெள்ளி. தலையில் இருந்து வால் வரை நல்ல வெள்ளி, திரும்புகிறபோது கொஞ்சம் நீலமும் ரோஸும் மினுங்கியது. சிவப்பு ஒரு பொட்டும் இல்லை. நாங்கள் விடாமல், சந்தேகத்துக்கு, ஒரு போட்டோகொப்பி நோட்ஸ் தாளைப் பின்கண்ணாடியோடு பிடித்து ரியூப்பைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்தோம். தாளும் சிவப்பு.

பிறகு செட்டையைப் பார்த்தோம். ஆசிய அரோவானாவின் முதுகுச் செட்டை கட்டையானது, வாலில் இருந்து தள்ளி நிற்கும். செதிலும் பெரிசு. எங்கட மீனுக்கு மேற்செட்டையும் கீழ்ச்செட்டையும் நீளமாக ஓடி வாலைத் தொடுகிற அளவுக்கு வந்திருந்தன. இது தென்னமெரிக்காவின் வெள்ளி அரோவானா, அமேசன் பக்கத்துக்காரர். கபுவாஸோடு ஒரு சொந்தமும் இல்லை. பத்து வருஷம் ரியூப் எரித்தாலும் சிவக்காது.

சொல்லுறதா விடுறதா என்று இரண்டு நாள் சண்டை பிடித்தோம். “மனுசன் அங்க சந்தோஷமா இருக்கட்டும், வந்து தானாப் பார்க்கட்டும்” என்று இரண்டு பேர். “அவர் வரும் வரைக்கும் ரியூப்பை எரிக்கிறதே?” என்று மற்ற இரண்டு பேர். மீன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் மூலையில் நின்றதுதான் முடிவைச் சொன்னது.

மூன்றாம் நாள் நாங்களே காலமை வெள்ளென எடுத்தோம். செதில், கதவு என்று சொன்ன பொய், செட்டை, தாள் எல்லாவற்றையும் மாறி மாறிச் சொன்னோம். அங்கிள் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கவில்லை. பிறகு, “ஒரு பேப்பரும் தரேல்லைத்தான்” என்றார், தனக்குத்தானே சொல்லுற மாதிரி. எங்களைப் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். “சாப்பிடுதோ?” என்று மட்டும் கேட்டார். பின்னால் இருந்து அன்ரியின் குரல்: “அப்ப அந்த லைற்றுக்குக் கட்டின கரண்ட் பில்லெல்லாம்?”

இப்போது பத்து மணிக் கோல் இல்லை. அங்கிள் பின்னேரம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது விடியப்புறம் ஐந்தரை. போனை யன்னல் பக்கமாகப் பிடிக்கச் சொல்லுவார். செதில் கழன்ற இடத்தில் புதுசு மெல்லிசாக முளைக்கிறது, மற்றதுகளை விட வெளிறின நிறத்தில். நேற்று ஐந்து இறால் சாப்பிட்டது. இது மூன்றடி வரை வளரக்கூடிய மீன், ஐந்தடித் தொட்டி எத்தனை நாளைக்குக் காணும் என்ற கதையை அவர் வந்த பிறகுதான் எடுக்க வேணும். ரியூப்பைக் கழற்றிக் குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். எறியச் சொல்லி அவர் இன்னும் சொல்லவில்லை.