மகள் திரும்பி வந்த பிறகும்

பெற்ற பிள்ளை ஆபத்திலிருந்து தப்பி வந்துவிட்டால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் எஸ்தர் காரெயாகாவை இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பராகுவேயில் அடக்குமுறைக்குத் தப்பி அர்ஜென்டினாவில் தஞ்சம் புகுந்தவர் எஸ்தர். உயிர்வேதியியல் படித்தவர். அவருக்குக் கீழே ஆய்வகத்தில் வேலை பழகிய இளைஞர்தான் பின்னாளில் போப் பிரான்சிஸ் ஆனார்.

1976 மார்ச்சில் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போய்க் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். 1977 ஜூனில் எஸ்தரின் 16 வயது மகளையும் பிடித்துப்போனார்கள். அப்போது அவள் கர்ப்பிணி.

பிள்ளைகளைத் தேடிய தாய்மார் சிலர் புவெனஸ் அயர்ஸில், அதிபர் மாளிகைக்கு எதிரே பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கியிருந்தார்கள். கூடி நிற்காதே, நட என்று போலீஸ் விரட்டியது. அதனால் இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றியே நடந்தார்கள், வியாழன்தோறும் பிற்பகல் மூன்றரை மணிக்கு. அடையாளத்துக்குத் தலையில் வெள்ளைத் துணி. பிள்ளைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் இடுப்பில் கட்டிவிட்ட துணி அது. எஸ்தரும் அவர்களோடு நடந்தார்.

சில மாதச் சித்திரவதைக்குப் பிறகு மகளை விட்டார்கள். அவள் ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தாள். எஸ்தர் மறுபடி தாய்மாரிடமே வந்தார். உனக்குத்தான் மகள் கிடைத்துவிட்டாளே, இனி வராதே என்று அவர்கள் கெஞ்சினார்கள். எல்லார் பிள்ளையும் வரும்வரை வருவேன் என்றுவிட்டார்.

நம் காரியம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து நழுவிவிடுகிறோம். கொடுமை செய்கிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான். ஒருவரை விட்டுவிட்டு ஒன்பது பேரை அமுக்கிவிடலாம். எஸ்தர் அந்தக் கணக்குக்கு இடம் கொடுக்கவில்லை.

காணாமல்போன ஒருவரின் சகோதரன் என்று சொல்லிக்கொண்டு ஆல்ஃப்ரெடோ அஸ்டிஸ் என்ற கடற்படை அதிகாரி அந்தத் தாய்மாருக்குள் புகுந்திருந்தான். அவன் காட்டிக்கொடுத்ததில் 1977 டிசம்பர் 8 அன்று சாந்தா குரூஸ் தேவாலயத்தில் எஸ்தர் பிடிபட்டார். அவரை விமானத்திலிருந்து கடலில் வீசினார்கள். கரை ஒதுங்கிய உடலைப் பெயரில்லாமல் புதைத்தார்கள். 2005-இல் மரபணுச் சோதனையில் அடையாளம் தெரிந்து, அதே தேவாலயத்தின் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மகள் திரும்பி வந்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2011-இல் அஸ்டிஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.